இசக்கித்தாய் பேரில் இருந்த மனை

அந்த வருசம் ஐப்பசி அடைமழையில் பனவடலிசத்திரத்துக்குக் கிழக்கே கரிசக்காட்டு ஊர்களில் மண்சுவர் வீடுகள் எல்லாம் ஊறிப்போய் நின்றன. இசக்கித்துரையின் வீடு விழுந்தேவிட்டது. மத்தியான நேரம். அவன் காட்டில் உளுந்துக்குள் தேங்கிய தண்ணீரை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தான். அவன் பொஞ்சாதி பூமாரி வெளியே சாய்ப்புக் கூரைக்கு அடியில் உட்கார்ந்து, நனைந்த விறகோடு மல்லுக்கட்டி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். மகள் அனு பள்ளிக்கூடத்தில் இருந்தது. மேலச்சுவர் உள்பக்கமாகச் சரிந்தது. அதோடு கைமரமும் ஓடும் இறங்கின. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை, நனைந்த மூட்டையைத் தொப்பென்று போட்ட மாதிரிதான் இருந்தது என்று பூமாரி சொன்னாள். இசக்கித்துரையின் அப்பா பரமசிவன் மேய்ச்சலிலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு திரும்பியபோது, அவர் படுக்கிற கட்டிலின் ஒரு கால் மட்டும் மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

வேறு போக்கிடம் இல்லாமல் ஆட்டுக் கொட்டகைக்குள் குடி புகுந்தார்கள். ஆடுகளை ஒரு பக்கம் ஒதுக்கி, நடுவில் படல் கட்டி, மேலே தார்ப்பாய் போட்டார்கள். ஈரமும் மூத்திர வாடையும் துணியில் ஏறி, சோற்றிலும் ஏறியது. பூமாரி கருவாட்டைச் சுட்டு ரசம் வைப்பாள். அந்த வாடைக்கு இந்த வாடை தேவலை என்பாள். அனு மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிடும்.

வீடு விழுந்தவர்களுக்குக் கவர்ன்மெண்டு கான்கிரீட் வீடு கொடுப்பதாகச் சொன்னார்கள். இசக்கித்துரை மேலநீலிதநல்லூர் யூனியன் ஆபீசுக்கு நடந்து நடந்து பெயரைச் சேர்த்துவிட்டான். ஓவர்சியர் வந்து டேப் பிடித்து அளந்தார். போட்டோ எடுத்தார். கிளம்பும்போது சொன்னார்:

"வீடு ஒங்களுக்கு உண்டு. ஆனா பஞ்சாயத்துல கட்டட அனுமதி வாங்கணும். அனுமதி குடுக்கணும்னா பட்டா உயிரோட இருக்கவங்க பேர்ல இருக்கணும். இது செத்துப்போன உங்கம்மா பேர்லலா கெடக்கு. பங்குனிக்குள்ள வேலைய ஆரம்பிக்கலேன்னா வீடு அடுத்த ஆளுக்குப் போயிரும், பாத்துக்கிடுங்க."

அந்த மனை இசக்கித்துரையின் அம்மா இசக்கித்தாயுடையது. அவளும் உள்ளூர்க்காரிதான். அவள் அப்பன் கல்யாணத்தின்போது மகள் பேருக்கு எழுதிக்கொடுத்த இடம். பரமசிவன் அங்கே குடியேறி, வீடு கட்டி, பிள்ளைகளைப் பெற்று, பொஞ்சாதியை அந்த வாசலிலிருந்துதான் தூக்கிக் கொடுத்தார். இடம் யார் பேரில் இருக்கிறது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

மழை வெறித்த ஒரு காலையில் கிராம நிர்வாக அலுவலர் ப்ரியதர்ஷினி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். சின்ன வயசு. பேண்டில் கரிசல் அப்பிக்கொள்ளாமல் இருக்கக் கல் பார்த்துக் கால் வைத்து வந்தாள். பூமாரி கொட்டகைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"வாரிசு சான்று போட்டுத்தான் பட்டா மாத்தணும். இசக்கித்தாய்க்கு வாரிசு யார் யாரு?"

"ஐயா இருக்காவ. நான் ஒருத்தன்" என்றான் இசக்கித்துரை.

"அக்கா தங்கச்சி?"

அவன் அப்பாவைப் பார்த்தான். பரமசிவன் ஆட்டுக்கு வேப்பங்குழை வெட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

"ஒரு பொம்பளப்பிள்ள இருந்திச்சு. செத்துப்போச்சு."

"அப்படியா. பேரு?"

"ராஜகுமாரி" என்றான் இசக்கித்துரை.

"இறப்புச் சான்று எடுத்து வச்சிருப்பீங்கல்லா? அதுல ஒரு நகல் குடுங்க."

"அதெல்லாம் வாங்கல தாயி" என்றார் பரமசிவன்.

"எப்ப எறந்தாங்க? ஆஸ்பத்திரியிலயா, வீட்டுலயா? தேதி சொன்னா பதிவு இருக்கான்னு நானே பாத்திருவேன்."

பரமசிவன் அடுத்த குழையை இழுத்து வெட்டினார். ப்ரியதர்ஷினி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பூமாரி சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"மேடம்" என்றான் இசக்கித்துரை. "உயிரோடதான் இருக்கா. கரிவலத்துல."

பரமசிவன் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போனார்.

ராஜகுமாரி சங்கரன்கோவில் தறிக்கூடத்துக்கு வேலைக்குப் போய்வந்த காலத்தில், டிப்பர் ஓட்டுகிற அருண்குமாரைக் கல்யாணம் செய்துகொண்டாள். கரிவலம்வந்தநல்லூர்க்காரன், வேறு சாதி. போலீஸ் ஸ்டேஷனில் வைத்து, "நான் இவியகூடத்தான் போவேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். அந்த வாரமே பரமசிவன் மொட்டை போட்டு, சொந்தக்காரர்களைக் கூட்டிக் கருமாதி செய்தார். பஸ் ஸ்டாப்பில் அவள் படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினார்கள். அதற்குப் படம் கொடுத்தது இசக்கித்துரை. பத்தாம் வகுப்பில் எடுத்த படம், ரெட்டைச் சடை.

பூமாரி அந்தச் சாப்பாட்டுக்கு அரிசி களைந்தவள். உயிரோடு இருக்கிறவளுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறார்களே என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது. புது மருமகள், வாய் திறக்கவில்லை.

ப்ரியதர்ஷினி எழுந்துகொண்டாள். "உயிரோட இருக்கவங்கள செத்துட்டாங்கன்னு நான் எப்படி எழுத? வேலை போயிரும். அம்மா சொத்து, மகளுக்கும் பங்கு உண்டு. நீங்களும் பெரியவரும் அவங்களும் தாலுகா ஆபீஸ் விசாரணைக்கு வரணும். மூணு பேர்லயும் கூட்டுப்பட்டா போட்டுட்டு, நீங்க கட்டிக்கிட ஆட்சேபணை இல்லைன்னு அவங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். அனுமதி வந்திரும்."

"அவ வரலேன்னா?"

"அது நீங்க போயி கூப்பிட்டுப் பாக்கணும் அண்ணாச்சி."

அவள் போன பிறகு பரமசிவன் திரும்பி வந்து கத்தினார். ஊருக்கே கேட்டது. "அவ கையெழுத்துல நிக்கிற வீட்டுக்குள்ள நான் கால் வைக்கணுமா? அதுக்கு இந்த ஆட்டுப் புழுக்கையிலயே கெடந்து சாவேன்."

"நீங்க கெடப்பிய மாமா. எம்பிள்ள கெடக்கணுமா?" என்றாள் பூமாரி. கல்யாணமாகி வந்ததிலிருந்து மாமனாரிடம் அவள் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல்.

"ஏலே, பொஞ்சாதிய உள்ள போச்சொல்லு."

"எந்த உள்ள?" என்றாள் பூமாரி.

கார்த்திகையில் மழை மறுபடி வந்தது. கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்து, புழுக்கையெல்லாம் கரைந்து, பாய்க்கு அடியில் ஓடியது. அனுவை, இடிந்த மண்ணிலிருந்து தோண்டி எடுத்த கட்டில் மேல் படுக்கவைத்தார்கள். ஆனாலும் ஈரம் போர்வை வழியாக ஏறிவிட்டது. முதலில் இருமல். பிறகு காய்ச்சல். பிறகு மூச்சு வாங்கும்போது விலாக்குழி உள்ளே போய் வந்தது. பைக்கில் நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு சங்கரன்கோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டரம்மா நஸ்ரின் பானு நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இந்தப் பிள்ளைய எங்க படுக்க வைக்கிறீங்க?" என்றாள்.

பூமாரி பிள்ளையின் சட்டையை இழுத்து மூடினாள்.

"சளி நெஞ்சுல கட்டியிருக்கு. மருந்து குடுத்துச் சரி பண்ணிருவேன். திரும்ப அதே இடத்துல கொண்டுபோய்ப் போட்டா திரும்ப வரும். அப்ப நான் ஒண்ணும் செய்ய முடியாது."

மறுநாள் காலையில் பூமாரி வார்டில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இசக்கித்துரை பைக்கை எடுத்துக்கொண்டு கரிவலத்துக்குப் போனான்.

கோவில் கோபுரத்தைத் தாண்டி விசாரித்து விசாரித்துத் தெருவைக் கண்டுபிடித்தான். அவன் யார் என்று தெரிந்ததும் வழி சொன்னவன் முகம் மாறியது. அருண்குமார் வாசலில் டிப்பர் பேட்டரியைக் கழுவிக்கொண்டிருந்தான். இவனைப் பார்த்ததும் எழுந்தான். அவன் பார்வை முதலில் பைக்குக்குப் பின்னால் தெருமுனைக்குப் போனது, வேறு ஆட்கள் வருகிறார்களா என்று.

"நான் ஒருத்தன்தான் வந்தேன்" என்றான் இசக்கித்துரை.

அருண்குமார் உள்ளே பார்த்து, "ராஜி, உங்க அண்ணன்" என்றான். நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு, கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நின்றுகொண்டான்.

ராஜகுமாரி மெலிந்திருந்தாள். தறிக்கூடத்துப் பஞ்சுத்தூசி தலைமுடியில் அங்கங்கே ஒட்டியிருந்தது. அழவும் இல்லை, வா என்று கேட்கவும் இல்லை. டீ போட்டுக்கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அவன் விசயத்தைச் சொல்லி முடிக்கும்வரை சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"வீடு விழுந்தது தெரியும்" என்றாள். "மைனி சொன்னா."

"பூமாரியா?"

"ஒனக்குத் தெரியாதுலா. அம்மா கெடையில கெடக்கும்போது மைனிதான் போன் போட்டு அம்மா காதுல வச்சா. நீங்க ரெண்டு பேரும் காட்டுக்குப் போன பெறவு. அம்மாவுக்குப் பேச்சு வரல. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. நான் என்னத்தையாவது பேசிக்கிட்டே இருப்பேன். இன்னைக்கு என்ன கொழம்பு வச்சேன், தறியில எத்தன எழ அந்துபோச்சு... அம்மா சாவுறதுக்கு மொத நாளு 'ராசாத்தி'ன்னா. அது மட்டுந்தான்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"செத்த அன்னைக்கு வந்தேன். பஸ்ஸவிட்டு எறங்க விடல. நம்ம பயலுவதான் படியில ஏறி நின்னானுவ. கண்டக்டர் எம்மூஞ்சியப் பாக்க மாட்டாம விசில் அடிச்சிட்டாரு. பஸ்ஸு நம்ம தெருவத் தாண்டும்போது பந்தல் தெரிஞ்சுது. நீ பந்தல்ல நின்ன."

"ஐயா சொன்னாவ..."

"ஐயா சொன்னாவ. சரி. அவனுகள பஸ் ஸ்டாப்புக்கு அனுப்புனது யாரு?"

டீயில் ஆடை படிந்துவிட்டது. அவன் அதைத் தொடவில்லை. தொடக்கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தானா, குடிக்க மனசு வரவில்லையா என்று அவனுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. ராஜகுமாரி கொஞ்சநேரம் தம்ளரைப் பார்த்தாள். பிறகு குனிந்து எடுத்து, ஆறின டீயைத் தானே குடித்துவிட்டு, தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் வாரேன். கையெழுத்துப் போடுதேன். எனக்கு ஒண்ணும் வேண்டாம். அனு எப்படி இருக்கா? ரத்தம் எடுத்துப் பாத்தாங்களா?"

"ஐயாவும் வரணும்ங்கா அந்த வி.ஏ.ஓ. அம்மா."

"அது ஓம்பாடு."

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது பரமசிவன் பஸ் ஏறி வந்து, அனுவின் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அனுவின் மூக்கில் குழாய் செருகியிருந்தது. "தாத்தா, வாடை இல்ல இங்கன" என்றது அது. அவர் அதன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். காலை விடாமலே மகனிடம், "எங்க வரணும்னு சொல்லு. வந்து நிக்கேன். பேச்சு கீச்சு கெடையாது" என்றார்.

தாலுகா ஆபீசில் அன்றைக்குக் கூட்டம் அதிகம். முதியோர் பென்சனுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் வந்தவர்கள் வேப்பமரத்தடியில் குந்தியிருந்தார்கள். பரமசிவன் ஒரு தூணோரம், ராஜகுமாரி எதிர்த் தூணோரம். அவள் இடுப்பில் பிள்ளை. பிள்ளை கிழவரின் தலைப்பாகையையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வாசல் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அருண்குமார் உள்ளே வராமல் ரோட்டிலேயே நின்றுவிட்டான்.

பெயர் கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட நடுவயசுக்காரர். பக்கத்தில் ப்ரியதர்ஷினி நின்றாள்.

"பரமசிவன் நீங்கதானா? இசக்கித்தாய் உங்க மனைவி? இது மகன். சரி. இந்தப் பொண்ணு யாரு?"

பரமசிவன் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார்.

"பெரியவரே, ஒங்களத்தான். இது யாரு?"

"எம் பொஞ்சாதி பெத்தது" என்றார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியெல்லாம் எழுத முடியாது. ஒங்க மகளா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க. வெளிய எத்தன பேர் நிக்காங்க பாருங்க."

பின்னால் நின்ற ஒரு கிழவி, "சொல்லும்யா, பெத்த பிள்ளதான" என்றாள். பரமசிவனின் உதடு திறந்தது. சத்தம் வரவில்லை.

"சார்" என்றாள் ராஜகுமாரி. "அவிய சொல்ல வேண்டாம். பள்ளிக்கூட சர்டிபிகேட் இருக்கு, ஆதார் இருக்கு. எல்லாத்துலயும் அப்பா பேரு போட்டிருக்கு. அது போதும்லா? அவியள விட்டிருங்க."

அதிகாரி அவற்றை வாங்கிப் பார்த்தார். முத்திரை விழுந்தது. இசக்கித்துரை கையெழுத்துப் போட்டான். பரமசிவன் கைநாட்டு வைத்தார். ராஜகுமாரி பிள்ளையை இறக்கிவிட இடம் பார்த்தாள். பக்கத்தில் இருந்தது பரமசிவன்தான். அவள் பிள்ளையை ப்ரியதர்ஷினியிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் பரமசிவன் நிற்காமல் நடந்தார். குழாயடியில் பெருவிரல் மையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். ராஜகுமாரி கேட்டுப்பக்கம் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

மார்கழிக் கடைசியில் பட்டா மாறியது. தை பிறந்ததும் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து கட்டட அனுமதியும் வந்தது. அனு தேறி வந்திருந்தது, ஆனால் ஓடினால் மூச்சு இரைத்தது. உளுந்து பாதிதான் தேறியது. அதைப் பிடுங்கிக் களத்தில் போட்டு அடித்துக்கொண்டே இசக்கித்துரையும் பூமாரியும் இடிந்த மண்ணை அள்ளி மனையைச் சுத்தம் செய்தார்கள். கொத்தனார் மூக்காண்டி பனவடலியிலிருந்து வந்து கம்பி நட்டுக் கயிறு கட்டினார். "கரிசல் மண்ணு, நம்பக்கூடாது. வெயில்ல வாயப் பொளக்கும், மழையில உப்பும். அடியில சுக்கான் பாறை தட்டுற வரைக்கும் வானம் தோண்டணும்" என்றார். அஸ்திவாரக் குழியை வானம் என்றுதான் அங்கே சொல்வார்கள். ஆளுயரத்துக்குத் தோண்டிய பிறகுதான் கடப்பாரையில் வெள்ளைச் சுக்கான் பொறி தட்டியது.

கல் போடுவதற்கு முந்தின சாயங்காலம் பரமசிவனின் தம்பியும் இன்னும் சில சொந்தக்காரர்களும் வந்தார்கள். உட்காரவில்லை.

"தாலுகா ஆபீசுல போயி அவகூட நின்னது ஊருக்கே தெரியும்" என்றார் தம்பி. "வீடு இல்லாத கஷ்டம், போட்டும்னு விட்டாச்சு. நாளைக்குக் கல்லு போட எல்லாரும் வாரோம், சாப்பிடுதோம். ஆனா அவ இந்த எல்லைக்குள்ள கால் வச்சான்னா எங்க யாரையும் பாக்க முடியாது. எளவட்டப் பயலுவ என்ன செய்வானுவன்னு நான் சொல்லமுடியாது. அந்தப் பயல் ரோட்டுல டிப்பர் ஓட்டுதவன், அதையும் யோசிச்சிக்கிடு."

அவர்கள் போன பிறகு இசக்கித்துரை களத்து மேட்டுக்குப் போய் போனை எடுத்தான். பூமாரி உளுந்துக்கொடியை உதறிக்கொண்டிருந்தாள். கேட்கிற தூரம்தான்.

"ராஜி, நான்தான். நாளைக்குக் கல்லு போடுதோம்... இல்ல, என்னன்னா... நீ நாளைக்கு வரவேண்டாம். இங்கன சரியில்ல. மாப்ளயையும் கொஞ்ச நாளைக்கு இந்த ரோட்டுப்பக்கம் வரவேண்டாம்னு சொல்லு."

அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"நான் எப்ப வாரேன்னு சொன்னேன்?" என்றாள் ராஜகுமாரி. "நீ என்ன கூப்பிடவே இல்லியே அண்ணா."

அவள் வைத்துவிட்டாள். அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றான்.

காலையில் பனி விலகுமுன்னே ஆட்கள் வந்துவிட்டார்கள். பூமாரி கடன்வாங்கின பெரிய அண்டாவில் சோறு வடித்து, சாம்பாரும் அவியலும் வைத்திருந்தாள். பரமசிவன் வெளுத்த வேட்டி கட்டி வந்து நின்றார். மூக்காண்டி வடகிழக்கு மூலையில் மண்ணைச் சமப்படுத்தி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சூடம் கொளுத்தினார். கழுவிப் பொட்டு வைத்த கல் ஓரத்தில் இருந்தது. அவர் வெளியூர்க்காரர், ஒன்றும் அறியாதவர்.

"வீட்டுல பொறந்த பொம்பளப்பிள்ள யாரு இருக்கா? கல்ல அவ கையால எடுத்துக் குடுக்கணும். வாங்கம்மா, நேரம் ஆவுது."

சூடம் எரிந்து அணைந்தது.

"அப்படி யாரும் இல்ல. நீரே எடுத்து வையும்" என்றார் பரமசிவன்.

"இருக்கா" என்றாள் பூமாரி.

அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்திருந்தாள். புகையில் கண் சிவந்திருந்தது. "கரிவலத்துல இருக்கா. ராஜகுமாரின்னு பேரு. அவ கையெழுத்துப் போட்டுத்தான் இந்த வானமே தோண்டுனது. நேத்து இவிய போன் போட்டு வராதேன்னு சொல்லியாச்சு. அதனாலதான் வரல. செத்தெல்லாம் போகல."

"ஏட்டி, வாய மூடு" என்றான் இசக்கித்துரை. சத்தமே எழும்பவில்லை.

பரமசிவனின் தம்பி துண்டை உதறித் தோளில் போட்டார். "நல்லா இருங்கப்பா" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். பெண்கள் கொண்டுவந்த தேங்காய் பழத்தட்டுகளைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் பூமாரியைத் தாண்டும்போது அவள் கையை லேசாகத் தொட்டுவிட்டுப் போனாள். பரமசிவன் யாரையும் பார்க்கவில்லை. கொட்டகைப் படலைத் திறந்து ஆடுகளை வெளியே விட்டு, வெளுத்த வேட்டியோடே அவற்றின் பின்னால் காட்டுக்குள் இறங்கினார்.

மூக்காண்டி இசக்கித்துரையைப் பார்த்தார். "என்ன வே செய்ய?"

இசக்கித்துரை குழிக்குள் இறங்கினான். மேலே நின்ற பூமாரியிடம் கையை நீட்டினான். அவள் கல்லை எடுத்துக் கொடுக்கவில்லை. கரண்டியோடு அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். அவனே ஏறி, கல்லைத் தூக்கிக்கொண்டு இறங்கி, மூலையில் வைத்தான். மூக்காண்டி மேலே கலவையைப் போட்டார்.

வந்தவர்களுக்கென்று வடித்த சோறு அப்படியே இருந்தது. கொத்தனாரும் சித்தாள்களும் தின்றது போக, மத்தியானமும் இரவும் அவர்கள் மூன்று பேரும் அதையேதான் சாப்பிட்டார்கள். பரமசிவனுக்கு ஒரு தட்டில் போட்டு மூடி வைத்தாள் பூமாரி. அவர் வரவில்லை. காலையில் அண்டாவின் அடியில் கிடந்ததை அள்ளி நாய்க்குப் போட்டுவிட்டு, சாம்பல் வைத்து அண்டாவைத் தேய்க்க உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் கொத்தனார் அடுத்த கல்லுக்குத் தண்ணீர் கேட்டார்.